பச்சைப் புள்ளி

ரத்தினத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதிக்கிறேன், வேறு எதைப் பார்ப்பது, இந்த நெதர்லாந்துக் கிராமத்தில் பார்க்க என்ன வைத்திருக்கிறார்கள், இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் புல்வெளி, புல்வெளியில் மாடு, மாட்டுக்கு அப்பால் மறுபடியும் வாய்க்கால், எல்லாம் தோசைக்கல்லைப் போலத் தட்டை, ஒரு கரடு இல்லை, ஒரு பாறை இல்லை, ஒரு மனுஷன் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது. இருப்பது காற்று. கடலில் கிளம்பி எங்கள் இரண்டு பேர் முகத்தைத் தேடிக்கொண்டு வருகிற காற்று. காலையில் ஹெட்போன் செய்கிற கெரிட்டின் தொழுவத்துக்குப் போகும்போது இதே காற்றுதான் முதுகைத் தள்ளிக்கொண்டு போய் விட்டது, ரத்தினம் ஹாண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனான், தலையில் பாதி நரைத்த ஆள், கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறைக்காரன், பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி கத்திக்கொண்டு போனான். இப்போது குனிந்து மிதிக்கிறான். அவன் கையால் செய்த ஹெட்போன் பந்தயத்தில் தோற்றுவிட்டது. அதற்காகத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்தான், அதற்குத் துணையாகத்தான் நான் வந்தேன், துணைக்கு வந்தவன் என்ன செய்தான் என்பது அவனுக்குத் தெரியாது. கிளம்பும்போது என் முட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னான், "உனக்கு முட்டி வலி இருக்குதல்ல, என்ற பின்னாலயே ஒட்டி வா குரு, காத்த நான் வாங்கிக்கறேன்." காற்றை அவன் வாங்கிக்கொள்கிறானாம். வாங்கிக்கொள்கிறான்தான், அவனுடைய சட்டை ரெண்டு பக்கமும் பொம்மென்று உப்பி அடித்துக்கொள்கிறது, அவன் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அறை மாதிரி இருக்கிறது, சொகுசாக. காதில் மட்டும் ஓவென்று இரைச்சல். பேச முடியாது. பேசினால் கத்த வேண்டும், கத்திச் சொல்லக்கூடிய சமாசாரமா அது. ஆக, காற்று அடிக்கிற வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, கடல் கொடுத்த நியாயம்.

ஒரு புள்ளி. ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான் விஷயம், வெளியே இருக்கிறவனுக்குச் சொன்னால் சிரிப்பான். என் மனைவியே சொல்வாள், "ஊரு உலகத்துல பாட்டக் கேப்பாங்க, நீங்க ரெண்டு பேரும் ஹெட்போனக் கேக்கறீங்க" என்று. உண்மைதான், எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான், இணையத்தில் பழகி, இட்லிக்கடையில் சந்தித்து, ஒருத்தன் பையை இன்னொருத்தன் திறந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாட்டின் அதே தபேலா அடியை விடிய விடிய கேட்கிற கூட்டம். ரத்தினம் அதையும் தாண்டிப் போனான். தானே செய்ய ஆரம்பித்தான். வெங்காயச் சருகைவிட மெல்லிய பிலிமில் கம்பித் தடம் பதித்து, இரண்டு பக்கமும் காந்தம் வைத்து, பூவரசங்கட்டையைக் கடைந்து கிண்ணம் செய்து. அது பிய்ந்து, இது கருகி, மறுபடி, மறுபடி. ஒவ்வொன்றையும் முதலில் என் தலையில்தான் மாட்டினான். "உன்ற காதுதான்டா எனக்குத் தராசு" என்பான். தராசு. சரி, அந்தத் தராசைத் தூக்கிக்கொண்டுதான் இங்கே வந்தோம். கெரிட் ரேடியோ நிலையத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மாடு கட்டின தொழுவத்தைப் பட்டறையாக்கி வருஷத்துக்குக் கொஞ்சம் ஹெட்போன் செய்கிறார், அதை வாங்க உலகம் காத்துக்கிடக்கிறது. அவரிடம் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்ற பைத்தியங்களைக் கூப்பிடுவார். யாராவது கையால் செய்த ஹெட்போன் கொண்டுவந்தால், அவருடையதையும் அதையும் ஒரே மாதிரித் துணியில் சுற்றி, எடை தெரியாமலிருக்க மேலே உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, கேட்கிறவர் கண்ணைத் துண்டால் கட்டி, ஒன்று மாற்றி ஒன்று மாட்டிவிடுவார்கள். பிடித்ததற்கு ஒரு அக்ரூட் கொட்டை. இரண்டு பழைய பால்கேன், அதில் ஒன்றில் போட வேண்டும், டங்கென்று சத்தம் வரும். அவருடையதை ஜெயித்தால் அந்த ஹெட்போனை அவர் பட்டறையிலேயே செய்து, செய்தவன் பேரைக் கட்டையில் பொறித்து விற்பார். இந்தப் பந்தயத்தில் ஒரே ஒரு வேலைதான் யோக்கியமான ஆள் கையில் இருக்க வேண்டும். சத்தத்தைச் சமமாக வைப்பது. ரத்தினத்தின் ஹெட்போன் கொஞ்சம் தீனி கேட்கும், ஒரே அளவு கொடுத்தால் சன்னமாகத்தான் பாடும், அது குறை இல்லை, சில மாட்டுக்குத் தவிடு கூட வேண்டியிருக்கிறதே அது மாதிரி. ஆனால் சத்தம் ஒரு துளி குறைந்தாலும் மனுஷக் காது "சத்தம் குறைவு" என்று சொல்லாது, "உயிரில்லை" என்று சொல்லும். இது எங்கள் கூட்டத்தில் அரிச்சுவடி. அதனால்தான் மீட்டர் வைத்து அளந்து, ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழில் கெரிட்டுடையதற்கு ஒரு சிவப்புப் புள்ளி, ரத்தினத்துடையதற்கு ஒரு பச்சைப் புள்ளி ஒட்டி, ஹெட்போன் மாற்றும்போதெல்லாம் குமிழையும் மாற்ற வேண்டும். "யார் செய்வது?" என்று கெரிட் கேட்டார். ரத்தினம் என் தோளில் கை போட்டான். "இவன் செய்யட்டுங்க. இவன் வெச்சா சரியா இருக்கும்."

புள்ளி ஒட்டினது நான்தான். அளந்தது சரியாகத்தான் அளந்தேன், இரண்டு முறை பார்த்தேன். முதல் ஆள் வந்து உட்கார்ந்தான், ஜெர்மனிக்காரன். கெரிட்டுடையது முடிந்து ரத்தினத்துடையதை மாட்டுகிற நேரத்தில் கெரிட்டின் மனைவி காபித் தட்டை நீட்டினாள், நான் கும்பிட்டு வாங்கினேன், கை வைக்க இடமில்லாமல் சாசரை ஆம்ப் மேல் வைத்தேன், பாட்டு ஓடிவிட்டது. டங். கெரிட் கேனில் விழுந்தது. அப்புறம்தான் பார்த்தேன், குமிழ் சிவப்பிலேயே நிற்கிறது. இது மறதி. இதைக் கோர்ட்டில் வைத்துக் கேட்டாலும் மறதிதான், காபிக்கு யார் பொறுப்பு. அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும், கையைத் தூக்கி, மன்னியுங்கள், என் தப்பு, இன்னொரு முறை கேட்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். இங்கிலீஷில்கூட வருகிற வாக்கியம். சொல்லவில்லை. அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் ஊரிலிருந்து வந்த தராசு உடைசல் தராசு என்று தெரிந்துவிடுமே என்று வெட்கம். சரி, வெட்கம், அதையும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது ஆள் உட்கார்ந்தபோது? அப்போது கையில் காபி இல்லை. குமிழ் இருந்தது, பச்சைப் புள்ளி இருந்தது, என் விரல் அதன் மேலேயே இருந்தது. முதல் ஆளுக்கு ஒரு மாதிரி, இரண்டாம் ஆளுக்கு ஒரு மாதிரி வைத்தால் அது அநியாயம் இல்லையா என்று எனக்குள்ளே ஒரு வக்கீல் எழுந்து நின்றான். எல்லோருக்கும் ஒரே மாதிரி வை, அதுதான் நேர்மை என்றான். என்ன சாமர்த்தியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குக்கூட இவ்வளவு சோறு வேண்டாம். நான் அந்த வக்கீல் பேச்சைக் கேட்டேன். ஆள் மாறி ஆள் வந்து உட்கார்ந்தார்கள், டங், டங், எல்லாம் ஒரே கேனில். ரத்தினம் சுவரோரமாக நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இருக்கவில்லை. கடைசியில் கெரிட் எனக்கும் ஒரு கொட்டையைக் கொடுத்தார், நீயும் போடு என்று. நான் ரத்தினத்தின் கேனில் போட்டேன். அந்தக் கேனில் விழுந்த ஒரே கொட்டை. காலிக் கேனில் விழுந்ததால் சத்தம் அதிகமாக வந்தது. ரத்தினம் என்னைப் பார்த்துச் சிரித்தான், கண் கலங்கியிருந்தது. ஐயோ, அந்தச் சிரிப்பு. கூட இருந்தே குழி பறிக்கிறவன் குழிக்குள் ஒரு பூவையும் போடுவானா, நான் போட்டேன்.

முன்னால் ஏதோ தெரிகிறது, மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு, தூக்குப் பாலம். ஒரு படகு வருகிறதாம், அதற்காகச் சாலையையே தூக்கி நிறுத்திவிட்டார்கள். ரத்தினம் இறங்குகிறான், நானும் இறங்குகிறேன், பாலத்துக்குப் பக்கத்தில் காவல்காரர் அறை காற்றை மறைக்கிறது, சட்டென்று காதில் இரைச்சல் இல்லை. நியாயம் போய்விட்டது. இப்போது மெதுவாகச் சொன்னாலே கேட்கும். சொல்லு. வாயைத் திறக்கிறேன், அவன் போனை எடுக்கிறான். "வளரு," என்கிறான். வளர்மதி, அவன் மனைவி. நல்ல பெண், இவன் பிலிமையும் காந்தத்தையும் கட்டிக்கொண்டு அழுத காலமெல்லாம் பட்டறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள், ஆனால் கிளம்புவதற்கு முன்னால் என் எதிரிலேயே சொல்லிவிட்டாள், "இதாங்க கடைசி. ஆகலீன்னா பொறவு அந்தப் பேச்சே வேண்டாம்." இவன் தலையாட்டினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி அவன், அதுதான் பயம். "ஆகல கண்ணு," என்கிறான் போனில். "ஆமா. இல்ல, நல்லாத்தான் நடந்துச்சு, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நம்முளுதுல உயிரில்லீன்னு சொல்லிப்போட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும்போது பொறவு என்ன இருக்குது... பின்னாடி ஷெட்ட மச்சானுக்கு விட்டர்லாம். அந்தக் கடைசல் மிஷினக் கேட்டுட்டிருந்தாருல்ல, அவருகிட்டச் சொல்லிரு. இல்ல, அழுவுல. காத்து." படகு போகிறது. வெள்ளைப் படகு, அதில் ஒரு கிழவரும் ஒரு நாயும், இரண்டும் எங்களை வெறுமனே பார்க்கின்றன. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. உயிரில்லையாம். அந்த ஹெட்போனில் போன மாதம் அவன் ஷெட்டில் உட்கார்ந்து நான் கேட்டேனே, வீணைக்காரி தந்தியைத் தொடுவதற்கு முன்னால் வளையல் நகர்கிறது, அது கேட்டது, எனக்கு உடம்பு சிலிர்த்தது, உயிர் இல்லையா அதில். அன்றைக்கு அவனிடம் என்ன சொன்னேன், "பரவாயில்லடா, நல்லா வந்திருக்குது" என்று சொன்னேன். பரவாயில்லை என்று. அப்போதே எனக்குள் ஒன்று சுருங்கியது, அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வருஷக்கணக்கில் ஊரார் செய்ததை எல்லாம் காதில் மாட்டி, இது தேறும் இது தேறாது என்று எழுதி எழுதிப் பேர் வாங்கினவன் நான், ஒரு ஒயரைக்கூட என் கையால் பற்றவைத்ததில்லை. இவன் ஜெயித்தால் நான் யார். இவனுடைய சிநேகிதன். பொறாமை என்ற வார்த்தை இவ்வளவு சின்னதாக, இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. போனை வைத்துவிட்டு ரத்தினம் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்ததை அவிழ்க்கிறான். வளர்மதி பழைய போர்வையில் தைத்த பை, உள்ளே ஹெட்போன். அதை என் கையில் கொடுக்கிறான். "நீயே வெச்சுக்க."

"என்னடா இது," என்கிறேன். "ஊட்டுக்குக் கொண்டு போனா கண்ணுல பட்டுட்டே கெடக்கும். நீ ஒருத்தன்தான எனக்குப் போட்ட. உனக்காச்சும் புடிச்சுதே, கேளு." சொல்லிவிட்டு அவன் பாலத்தைப் பார்க்கிறான், பாலம் இறங்கிக்கொண்டிருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிற்கிறேன், கத்தவும் முடியாது. சொல்லு, சொல்லு, பாலம் தரையைத் தொடுவதற்குள் சொல்லிவிடு. பாலம் தரையைத் தொடுகிறது. விளக்கு அணைகிறது. அவன் ஏறிவிட்டான். நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுகிறேன்.

மறுபடியும் காற்று, மறுபடியும் அவன் முதுகு. இப்போது என் முதுகிலும் ஒன்று இருக்கிறது. கனமே இல்லை, அதைக் கனமில்லாமல் செய்யத்தானே அவன் இரும்புச் சட்டத்தை விட்டு அலுமினியத்துக்குப் போனான், கழுத்து வலிக்குது என்று நான் சொன்னதற்காக. ஒவ்வொரு மிதிக்கும் அது என் விலாவில் லேசாகத் தட்டுகிறது. ஊருக்குப் போய் இதை எங்கே வைப்பேன். அலமாரியில் வைப்பேனா, மாட்டிக்கொண்டு கேட்பேனா, கேட்டால் அந்த வளையல் நகர்வது கேட்குமே. கேட்காமல் மூடி வைத்தால், இவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "கேக்கறயாடா?" என்று கேட்பானே. கேட்பான். பட்டறையில் மோட்டார் கட்டிவிட்டு எண்ணெய்க் கையோடு வருவான், டீ குடிப்பான், கேட்பான், நான் "ம்" என்பேன், அப்படியே இரண்டு பேரும் கிழவர்கள் ஆவோம். அவ்வளவுதானே, உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ மறைத்துக்கொண்டு சிநேகிதமாக இருந்து செத்தும் போயிருக்கிறார்கள். கெரிட்டும் மற்றவர்களும் இன்னும் தொழுவத்தில்தான் இருப்பார்கள், ராத்திரி பட்டாணி சூப் குடிக்காமல் யாரும் போகக் கூடாது என்று அவர் சொன்னாரே, இவனால்தான் அங்கே உட்கார முடியவில்லை, கிளம்பிவிட்டோம். திரும்பினால் போய்விடலாம். திரும்பினால். நான் எதற்கு இதை யோசிக்கிறேன், நாளைக்கு விமானம், ஊருக்குப் போய்ச் சாவகாசமாகச் சொல்லலாம், ஊருக்குப் போனால் அந்தக் கொட்டையும் இருக்காது, கேனும் இருக்காது, கடைசல் மிஷின் மச்சான் வீட்டில் இருக்கும், அப்போது சொல்வது சுலபம், எதற்கும் உதவாதபோது உண்மையைச் சொல்வது எப்போதுமே சுலபம். முட்டி வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது, மிதி தளர்கிறது, அவனுக்கும் எனக்கும் நடுவே இடைவெளி விழுகிறது, அந்தச் சின்ன அறை போய்விட்டது, காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. நல்லது, அடிக்கட்டும், கொஞ்சமாவது என் பங்கை நான் வாங்குகிறேன். ரத்தினம் திரும்பிப் பார்க்கிறான். வேகத்தைக் குறைக்கிறான். இடது கையைப் பின்னால் நீட்டி, வா, வா, ஒட்டி வா என்று விரலை ஆட்டுகிறான். தோற்றுப் போய், ஷெட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, அழுகையைக் காற்று என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, எனக்காகக் காற்றை வாங்கக் காத்திருக்கிறான். இந்த ஊர் சைக்கிளில் கையில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும், காலையில் அது தெரியாமல் விழப் பார்த்தேன். இப்போது என் கால் தானாகப் பின்பக்கம் மிதிக்கிறது. சைக்கிள் கிரீச்சென்று நிற்கிறது.

அவனும் நின்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வருகிறான். "என்றா, முட்டியா?" இல்லை என்று தலையாட்டுகிறேன். அவன் முகத்துக்குப் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன், காற்றில் தப்பிப் போகாமல் அவன் காதுக்கே போய்ச் சேரும்படி. "குமிழத் திருப்பலடா. உன்னுதுக்குப் பச்சைக்குத் திருப்பணும். யாருக்குமே திருப்பல. எல்லாரும் உன்னுதைக் கம்மிச் சத்தத்துலதான் கேட்டாங்க." அவனுக்கு விளக்க வேண்டியதில்லை, எங்கள் கூட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. மாடுகளைப் பார்க்கிறான். ஒரு மாடு வாலால் ஈ ஓட்டுகிறது, அதை ரொம்ப நேரம் பார்க்கிறான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவன் தன் சைக்கிளைத் தூக்கித் தொழுவத்தின் பக்கமாகத் திருப்பி வைக்கிறான். "வா," என்கிறான், "நீ முன்னால போ."

காற்று இப்போது எங்களுக்குப் பின்னால். காலையில் இதை நான் கவனிக்கவில்லை, அவன் கத்திக்கொண்டு வந்ததில் கவனிக்கவில்லை, காற்றோடு சேர்ந்து போனால் காதில் காற்றே இல்லை. இரைச்சல் நின்றுவிட்டது. வாய்க்காலில் வாத்து நீரை அளைவது கேட்கிறது. புல்லை மாடு பிய்ப்பது கேட்கிறது. என் செயின் எங்கேயோ ஒரு பல்லில் தட்டுவது, எனக்குப் பின்னால் அவன் மூச்சு, அவன் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் தெளிவாக, பக்கத்தில், எந்த ஹெட்போனிலும் கேட்காத தெளிவாகக் கேட்கிறது. பாலத்தைத் தாண்டுகிறோம். மிதிக்கவே வேண்டாம், தள்ளிக்கொண்டு போகிறது. சொல்லியாகிவிட்டது, இனி பாரம் இல்லை என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடியவில்லை, சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அவன் அதைக் கேட்காமல் வருகிறான். கேட்காமலே இருந்துவிடுவானோ என்று ஒரு ஆசை. சீ, அந்த ஆசையும் வருகிறது.

"குரு."

"ம்."

"மறந்துட்டயா?"

அவன் குரலில் கோபம் இல்லை. ஆமா என்று சொல் என்று கேட்கிற குரல். ஒரு "ஆமா" போதும், அவன் அதை நம்பிவிடுவான், நம்புவதற்குத் தயாராக வருகிறான், காபி என்று சொல்லலாம், கெரிட்டின் மனைவி, சாசர், எல்லாம் உண்மை. வாத்து மறுபடியும் நீரை அளைகிறது. மெதுவாகச் சொன்னாலே கேட்கும்.

"முதல் ஆளுக்கு மறந்தேன்," என்கிறேன். "பொறவு மறக்கல."

பின்னால் பெடல் நிற்கிறது. சக்கரம் மட்டும் கொஞ்ச தூரம் உருளுகிற சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. நான் நின்று, ஒரு காலை ஊன்றி, திரும்பாமல் இருக்கிறேன். செருப்புச் சத்தம் வருகிறது. அவன் என் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டுகிறான்.

"பையக் குடு."

கழற்றிக் கொடுக்கிறேன். அவன் அதை ஒருமுறை திறந்து பார்த்து, மூடி, தன் முதுகில் மாட்டிக்கொள்கிறான். வாரை இழுத்து இறுக்கிக்கொள்கிறான்.

"இந்த வாட்டி சத்தத்த நானே வெச்சுக்கறேன்," என்கிறான்.

ஏறி மிதிக்கிறான். நான் பின்னாலேயே போகிறேன், ஒட்டிப் போகவில்லை.